போட்டோவில் அள்ளும் பேட்டர்ன், துணியில் ஏன் எடுபடுவதில்லை?

ஊசிமுனை:

வணக்கம். நான் எனக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் தைத்துக்கொள்பவள். கேமராவும் கூடவே சுற்றும். திரும்பத் திரும்ப வரும் வடிவம் எதுவாக இருந்தாலும் எடுத்து வைத்துவிடுவேன். வற்றிய குளத்தின் வெடிப்பு, இரும்புக் கதவில் உரிந்து நிற்கும் பெயின்ட், பெரணி இலையின் அடிப்பக்கத்தில் வரிசை கட்டியிருக்கும் பழுப்புப் புள்ளிகள், மாடிப்படிக் கம்பிகளின் நிழல் என்று ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றைத் துணியில் அச்சடித்து, முன்பக்கம் பித்தான் வைத்த அரைக்கைச் சட்டை தைக்க வேண்டும் என்பது ஆசை.

முதலில் எடுத்துக்கொண்டது குளத்து வெடிப்பு. போட்டோவாகப் பார்த்தால் அள்ளுகிறது. சதுரமாக வெட்டி, மேலும் கீழும் பக்கத்திலும் அடுக்கினேன். இணைப்புக் கோடு தெரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்தி, நடுவுக்கு வந்த இணைப்பை, படத்தின் வேறோர் இடத்தை நகலெடுத்துப் பூசும் க்ளோன் கருவியால் மறைத்துவிட்டேன். கிட்டத்தில் பார்த்தால் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், மூன்று வெடிப்புகள் கூடும் இடத்தில் இருந்த ஒரு கறுப்புக் குழி மட்டும் பித்தான் தைத்ததுபோல் வரிசை வரிசையாக எழுந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வேறு தெரிகிறது.

நான் தேர்ந்தெடுத்த படமே தவறா, இல்லை அடுக்கும் முறையா? துணிக்கு என்று படம் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? ஒரு சட்டைக்கு எந்த அளவில் ரிப்பீட் (திரும்பத் திரும்ப அடுக்கும் ஒரு துண்டு) வைப்பது, பொருத்தி வெட்ட எவ்வளவு துணி கூடுதலாக எடுப்பது என்பதையும் யாராவது சொன்னால் அச்சுக்குக் கொடுக்கும் முன் சரிசெய்துகொள்வேன்.

அரைஇறக்கம்:

ஒட்டு தெரியாமல் செய்துவிட்டீர்கள், சரி. ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள்.

துணிக்கு ரிப்பீட் வரைவது என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். போட்டோவுக்கும் துணிக்கும் தேவைப்படுவது நேர் எதிரானவை. போட்டோவுக்கு நான்கு ஓரம் உண்டு. அந்த ஓரத்துக்குள் எல்லாம் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்க, ஓர் இடத்தில் மட்டும் ஏதோ பிசகினால்தான் கண் அங்கே போய் நிற்கும், படம் நன்றாக இருக்கிறது என்போம். உங்கள் குளத்துப் படத்தில் அந்தப் பிசகு அந்தக் கறுப்புக் குழி. துணிக்கு ஓரம் கிடையாது. அங்கே அந்தக் குழி ஒன்றாக இருக்காது, நூறாக வரும். நூறாக வந்தபின் அது பிசகு இல்லை, நீங்கள் கேட்காமலே வந்து சேர்ந்த புள்ளி டிசைன். படத்தை உயர்த்திய அதே குழிதான் துணியைக் கெடுக்கிறது.

ஆகவே படம் தேர்ந்தெடுக்கும்போது நான் செய்வது இதுதான். படத்தைத் திரையில் வைத்து, கட்டைவிரலால் ஓர் இடத்தை மறைத்துப் பார்ப்பேன். பிறகு இன்னோர் இடம், அப்புறம் இன்னோர் இடம். எங்கே மறைத்தாலும் படம் அப்படியே நிற்கிறது என்றால் துணிக்கு ஆகும். ஏதோ ஓர் இடத்தை மறைத்ததும் படம் செத்துவிடுகிறது என்றால், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், சட்டையாகப் போட முடியாது.

வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வருகிறது என்றீர்களே, அது லென்ஸும் வெயிலும் சேர்ந்து செய்வது. படத்தின் மூலைகள் நடுவைவிடக் கொஞ்சம் இருட்டாக இருக்கும், வெயில் வந்த பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஒற்றைப் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அடுக்கினால் பளிச்சென்று தெரியும். படத்தின் ஒரு நகலை எடுத்து, அகலத்தில் கால் பங்கு அளவுக்கு நன்றாக மங்கலாக்கிப் பாருங்கள். எல்லா விவரமும் கரைந்து ஒரு சமமான சாம்பல் நிறம் மிஞ்சினால் பிரச்சினை இல்லை. அதில் மேடு பள்ளமாக நிழல் தெரிந்தால், அறையின் அந்தக் கோடியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியப்போவது அந்த நிழல்தான். அந்த மங்கல் நகலை அசலிலிருந்து கழித்தால் சமமாகிவிடும். பெரும்பாலான செயலிகளில் ஹை பாஸ் என்று இருப்பது இந்த வேலையைச் செய்யும்.

இதெல்லாம் போட்டோவையே அச்சடிப்பதாக இருந்தால். என்னைக் கேட்டால் போட்டோவை அடுக்கவே வேண்டாம். படத்திலிருந்து விதியை எடுத்துக்கொண்டு நீங்களே வரையுங்கள். குளத்துச் சேற்றை எடுத்துக்கொள்வோம். முதல் தடவை காயும்போது ஒரு வெடிப்பு ஏற்கனவே இருக்கும் வெடிப்பில் போய்ச் செங்குத்தாக முட்டி நிற்கும். மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்து, இப்படியே பலமுறை ஆனபின் சந்திப்புகள் மெல்ல நகர்ந்து, மூன்று கோடுகள் ஏறத்தாழ 120 பாகையில் கூடுகிற மாதிரி ஆகிவிடும். உங்கள் படத்தில் எந்த வகை என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால், சந்திப்பின் கோணத்தை மாற்றாமல், கட்டங்களின் அளவை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, எவ்வளவு பெரிய பரப்பு வேண்டுமானாலும் வரைந்துகொண்டே போகலாம். சூரியகாந்திப் பூவின் நடுவும் இப்படித்தான். ஒவ்வொரு புது விதையும் முந்தையதிலிருந்து சுமார் 137.5 பாகை திரும்பி நிற்கும், அந்த ஒரே எண்ணிலிருந்துதான் அவ்வளவு சுருள்களும் வருகின்றன.

வரைவதற்குக் கணினிகூடத் தேவையில்லை. ஒரு தாளின் நடுவில் வரையுங்கள், எந்தக் கோடும் ஓரத்தைத் தொடக் கூடாது. தாளை நெட்டுக்கு இரண்டாக வெட்டி, இடத்தை வலத்துக்கும் வலத்தை இடத்துக்கும் மாற்றி, பின்னால் டேப் ஒட்டுங்கள். இப்போது பழைய ஓரங்கள் நடுவுக்கு வந்து அங்கே ஒரு வெற்றிடம் இருக்கும், அதை நிரப்புங்கள். அப்புறம் குறுக்கே வெட்டி மேலும் கீழும் மாற்றி, மறுபடி நிரப்புங்கள். அவ்வளவுதான், எந்தப் பக்கம் அடுக்கினாலும் கோடு கோட்டோடு சேரும். நீங்கள் க்ளோன் கருவியில் செய்ததும் இதேதான். ஆனால் அங்கே மறைத்தீர்கள், இங்கே வரைகிறீர்கள். வெட்டுவது நேர்கோடாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வரைந்த கட்டங்களைச் சுற்றி வளைந்து வெட்டினால் அவை முழுதாக இருக்கும், பின்னால் ஒட்டும் தெரியாது.

அடுக்கும் முறைக்கு வருகிறேன். நேராக அடுக்கினால் எது கண்ணில் பட்டாலும் அது படுக்கையாகவும் செங்குத்தாகவும் வரிசை பிடிக்கும். இந்த இரண்டு திசையையும் கண் சட்டென்று பிடித்துவிடும். பக்கத்துப் பத்தியைப் பாதி உயரம் கீழே இறக்கி வைத்தால் படுக்கை வரிசை உடையும், அதே உயரத்தில் அதே உரு மறுபடி வர இரண்டு மடங்கு அகலம் ஆகும். ஹாஃப் டிராப் என்பது இதுதான், என் பெயரும் இதிலிருந்து வந்ததே. தாளில் செய்வதானால், நெட்டுக்கு வெட்டியபின் வலது துண்டைப் பாதி உயரத்தில் வெட்டி மேல் கீழ் மாற்றிவிட்டு இடப்பக்கம் ஒட்டுங்கள். ஒரு எச்சரிக்கை, இதில் படுக்கை வரிசை போய் சாய்வு வரிசை வரக்கூடும். அது நின்றால் மூன்றில் ஒரு பங்கு இறக்கிப் பாருங்கள்.

கணிதக்காரர்கள் இதையெல்லாம் எண்ணி முடித்துவிட்டார்கள். இரண்டு திசையிலும் திரும்ப வருகிற தட்டையான டிசைன்களின் சமச்சீர் வகை மொத்தம் 17தான் என்று ரஷ்யரான ஃபெடரோவ் 1891இல் காட்டினார், 1924இல் போல்யா தனியாக அதே முடிவுக்கு வந்தார். 17ஐயும் படிக்கத் தேவையில்லை. தைப்பவருக்குப் பயன்படும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அரைச்சுற்று. டிசைனைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே டிசைன் வரும்படி வரைந்தால், துணியில் மேல் கீழ் இல்லை. முன்பாகத்தைத் தலை மேலாகவும் கையைத் தலைகீழாகவும் வைத்து வெட்டலாம், துணி நன்றாக மிச்சமாகும். எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கண்ணாடிப் பிம்பம். ஒட்டு வராமல் இருக்கப் படத்தைப் புரட்டி புரட்டி வைப்பார்கள். மரப்பட்டை, சேறு, கல் எதை அப்படிப் புரட்டினாலும் நடுக்கோட்டில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் முளைத்துவிடும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு சட்டை முழுக்க உங்களையே முறைத்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, 3×3 அடுக்கிப் பார்ப்பது போதாது. 6×6 ஆவது அடுக்கி, சின்னதாக்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள்.

சாய்வெட்டு:

மேலே சொன்னதெல்லாம் துணி விரித்திருக்கும்போது சரி. நான் வெட்டுகிறவன், என் கவலை வேறு.

அளவுக்கு முதலில் பதில். திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அச்சு அளவிலேயே சாதாரணத் தாள்களில் பிரிண்ட் எடுத்து, டேப் ஒட்டி, சட்டையின் முன்பாகப் பேப்பர் கட்டிங்கை அதன்மேல் வையுங்கள். பித்தான் பட்டி எங்கே அறுக்கிறது, பாக்கெட் எங்கே வருகிறது, அக்குளில் என்ன காணாமல் போகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். வெடிப்பு மாதிரி டிசைனில் ஒரு கட்டம் உள்ளங்கையைவிடப் பெரிதாகப் போனால் ஒரு கட்டம்கூட முழுதாகத் தப்பாது. அதற்குப் பெரிய பாவாடைதான் சரி, சட்டை இல்லை.

கூடுதல் துணி என்பது டிசைனைப் பொறுத்தது. உங்கள் வெடிப்பில் வரிசையே தெரியவில்லை என்றால் பொருத்த வேண்டிய அவசியமே இல்லை, கூடுதலும் வேண்டாம். வரிசை தெரிகிறது என்றால், பொருத்தப்போகிற ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ரிப்பீட் உயரம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முன்பாகம், முதுகு, இரண்டு கை என்று ஐந்து பாகம். ரிப்பீட் 30 செ.மீ. என்றால் ஒன்றரை மீட்டர் கூடுதல். அதற்காகத்தான் சட்டைக்குச் சின்ன ரிப்பீட் என்று சொல்வது. 10 செ.மீ. என்றால் அரை மீட்டரில் முடிந்துவிடும்.

பொருத்துவதில் பலரும் வெட்டிய ஓரத்தோடு ஓரத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அங்கே சேர்ந்து பிரயோஜனம் இல்லை. தையல் ஓடும் கோட்டில்தான் சேர வேண்டும், ஓரத்திலிருந்து ஒன்றோ ஒன்றரை செ.மீ.யோ உள்ளே. நேர் கட்டத்தில் இது பெரிதாகத் தெரியாது. சாய்வாக ஓடும் உருவில் அந்த ஒன்றரை செ.மீ.யில் எல்லாம் விலகிவிடும்.

பித்தான் பட்டிக்கு இன்னொன்று. அங்கே இரண்டு பாகமும் பக்கம் பக்கமாகச் சேர்வதில்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. எனவே பார்க்க வேண்டியது பித்தான் விழும் நடுக்கோட்டை. மேலே வரும் பாகத்தை முதலில் ஒற்றைத் துணியில் வெட்டிவிடுங்கள், மடித்து இரண்டாக வெட்டக் கூடாது. நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலத்துக்கு, அதில் இருக்கும் டிசைனை டிரேசிங் தாளில் பென்சிலால் எடுத்துக்கொள்ளுங்கள், நடுக்கோட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மிச்சத் துணியின் நல்ல பக்கத்தில் வைத்து மெல்ல நகர்த்துங்கள். பென்சில் கோடும் அச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தாளே இல்லாத மாதிரி தெரிகிற இடம் ஒன்று வரும். அங்கே குறித்துக்கொண்டு இரண்டாவது பாகத்தை வெட்டுங்கள். பாக்கெட்டுக்கும் இதே வழிதான்.

பக்கத் தையலை அடியிலிருந்து மேலே பொருத்திக்கொண்டு வாருங்கள். டார்ட் (உடம்பு வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) பிடித்திருந்தால் டார்ட் வரைக்கும்தான் சேரும், அதற்கு மேல் சேராது, அது யார் தைத்தாலும் அப்படித்தான். கையை முன்பக்க ஆர்ம்ஹோல் குறியில் பொருத்தினால் போதும். கையின் வளைவில் சுருக்கம் உள்ளே போவதால் முழு வட்டத்தையும் பொருத்துவது நடக்காத காரியம். தோளை விட்டுவிடுங்கள், சரிவு வேறு வேறு.

தைக்கும்போது குண்டூசியை அச்சுக் கோட்டிலேயே குத்தி, கீழ்த் துணியிலும் அதே கோட்டில் வெளிவருகிறதா என்று பார்த்து, ஒரு ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். மெஷினின் பல் கீழ்த் துணியை மட்டும் இழுக்கும், மேல் துணி பின்தங்கும். நீளத் தையலின் முடிவில் அரை செ.மீ. விலகி நிற்பது அதனால்தான். மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் போடுங்கள்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் யோக்கையும் (தோளில் வரும் துண்டு) பாக்கெட்டையும் பட்டியையும் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிவிடுங்கள், அல்லது வெற்றுத் துணியில் போடுங்கள். பொருந்தவே முயலாத பாகத்தை யாரும் பொருந்தவில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

மறந்துவிட்டேன். பருத்தி என்றால் முதலில் சாம்பிள் துண்டு அச்சடித்து, துவைத்து, ரிப்பீட்டை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பாவும் ஊடும் (நெட்டு இழையும் குறுக்கு இழையும்) ஒரே அளவு சுருங்காது. நீங்கள் சதுரமாகக் கொடுத்தது சதுரமாகத் திரும்பி வராது.

ஒளியளவு:

எடுக்கும் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

துணிக்கு என்றே எடுப்பதானால், கேமராவின் சென்சாரும் எடுக்கும் பரப்பும் இணையாக இருக்க வேண்டும். சேற்றை எடுக்கும்போது குனிந்து சாய்வாக எடுத்தால் அருகில் இருக்கும் கட்டம் பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும். அடுக்கியதும் ஒவ்வொரு டைலும் ஒரு சரிவாகத் தெரியும். அகன்ற லென்ஸில் கிட்டே போகாமல், கொஞ்சம் எட்ட நின்று ஜூம் செய்து எடுங்கள், ஓரத்தில் கோடுகள் வளையாது. ஃபிரேமின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிறகு உண்மையான அளவு தெரியும்.

பிக்சல் பற்றிப் பலருக்கு வீண் பயம். துணியில் அங்குலத்துக்கு 150 பிக்சல் இருந்தாலே நன்றாக வரும், நெசவே அதற்குமேல் விவரத்தைக் காட்டாது. 30 செ.மீ. ரிப்பீட்டுக்குச் சுமார் 1,770 பிக்சல். 4,000×3,000 எடுக்கும் கேமராவில் குறுகிய பக்கமே 50 செ.மீ. வரை தாங்கும்.

வெளிச்சத்தில்தான் சிக்கல் இருக்கிறது. மேகமூட்டத்தில் எடுத்தால் சமமாக வரும், ஆனால் வெடிப்பின் ஆழம் போய்விடும். பக்கவாட்டு வெயிலில் எடுத்தால் ஆழம் பிரமாதமாக வரும், ஆனால் நிழல் எல்லாம் ஒரே திசையில் விழும். இங்கேதான் அரைஇறக்கம் சொன்ன அரைச்சுற்று யோசனை உதைக்கும். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். நிழல் உள்ள படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் மாறித் தெரியும். முன்பாகம் ஒரு பக்கமும் கை மறுபக்கமும் வைத்து வெட்டினால், உடம்பில் குழியும் கையில் கொப்புளமுமாக இருக்கும். போட்டோவை அப்படியே அச்சடிப்பதானால் மேகமூட்டத்தில் எடுங்கள், அல்லது எல்லாப் பாகத்தையும் ஒரே திசையில் வெட்டுங்கள்.

பெரணிக்குக் கேமராவே வேண்டாம். இலையை ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். சமமான வெளிச்சம், சாய்வு இல்லை, அளவும் ஒன்றுக்கு ஒன்று. புகைப்படம் பிறந்த காலத்திலேயே இந்த வழி உண்டு. புகைப்பட முன்னோடியான டால்பட் லேஸ் துணியை ஒளி உணரும் தாளின்மேல் வைத்தே அதன் பின்னலைப் பதிவு செய்தார். அன்னா அட்கின்ஸ் 1843 முதல் கடற்பாசிகளைத் தாளில் வைத்து வெயிலில் காட்டி நீல அச்சாக எடுத்தார். இரண்டிலும் கேமரா இல்லை.

இன்னொரு விஷயம், சட்டை தைத்தபின் படம் எடுத்துப் போடுவீர்கள்தானே? நெருக்கமான கோடோ சிறு கட்டமோ இருந்தால் படத்தில் வானவில் அலை ஓடும். துணியின் இழை வரிசையும் சென்சாரின் பிக்சல் வரிசையும் ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் மோதும்போது வருவது அது. பெரும்பாலான கேமராக்களில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது. மிச்சத்தைப் பக்கத்துப் பிக்சலிலிருந்து ஊகிக்கிறது. 1976இல் கோடாக்கின் பேயர் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அந்த ஊகம் பிசகுவதால்தான் அலைக்கு நிறமும் சேர்கிறது. ஓரடி முன்னாலோ பின்னாலோ நகருங்கள், அல்லது கேமராவைக் கொஞ்சம் திருப்புங்கள். பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் லென்ஸின் துளையை எஃப் 16க்கு மூடுங்கள், படம் சற்று மென்மையாகி அலை அடங்கும். ஆனால் அதற்கு முன் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கும்போது அலை மாறிக்கொண்டே இருந்து முழு அளவில் மறைந்துவிட்டால் அது படத்தில் இல்லை, திரையில்தான்.

கட்டம்போட்டசட்டை:

எல்லோரும் ரிப்பீட்டை ஒளித்து வைக்கவே வழி சொல்கிறீர்கள். எனக்குப் புரியவில்லை. திரும்ப வருவது தெரிவதில்தானே அழகு? வெறும் கோடும் கட்டமும் எத்தனை காலமாக ஓடுகின்றன. அங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை.

திரும்ப வரவே கூடாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2022இல் டேவிட் ஸ்மித் என்கிற பொழுதுபோக்கு ஆர்வலர் ஒற்றை வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பதின்மூன்று பக்கம், பார்க்கத் தொப்பி மாதிரி. அதை மட்டும் வைத்துத் தரை முழுக்க இடைவெளி இல்லாமல் நிரப்பலாம், எங்கேயும் அடுக்கு ஒழுங்காகத் திரும்ப வராது. துண்டுத் துணியில் அதைத் தைக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இடையிடையே புரட்டிப் போட்ட தொப்பியும் தேவைப்படும். துணிக்கு நல்ல பக்கம் ஒன்றுதான் என்பதால் வெட்டிய துண்டைப் புரட்ட முடியாது. அட்டையைப் புரட்டி வைத்து அவற்றைத் தனியாக வெட்ட வேண்டும்.

அரைஇறக்கம்:

கட்டம்போட்டசட்டை சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தெரிய வேண்டும் என்று வைத்தது தெரிந்தால் அழகு. நீங்கள் கோட்டை வைத்தீர்கள், கோடு தெரிகிறது. ஊசிமுனை குழியை வைக்கவில்லை, அது தானாக வந்தது.

ஒளியளவு நிழலைப் பற்றிச் சொன்னதும் சரி. நான் கோட்டோவியமாக வரைவதை நினைத்துச் சொன்னேன், அதில் நிழல் கிடையாது.

ஊசிமுனை:

எல்லோருக்கும் நன்றி. கட்டைவிரல் சோதனையில் மாடிப்படி நிழல் உடனே தோற்றுவிட்டது, பெரணி தேறிவிட்டது. குளத்தில் அந்தக் குழியை மறைத்தால் படத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. ஆனால் மனசு குளத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது. வெடிப்பை வரைந்துகொள்கிறேன். குழியையும் வேண்டுமென்றே வைத்தால் என்ன? ஒன்றுக்குப் பதில் பல குழி, அங்கங்கே சிதறினாற்போல். கையால் சிதறிப் பார்த்தால் எப்படி வைத்தாலும் எங்கேயோ இரண்டு ஒட்டிக்கொள்கின்றன, எங்கேயோ காலியாகக் கிடக்கிறது.

அரைஇறக்கம்:

தாராளமாக வையுங்கள். கையால் சிதறினால் அப்படித்தான் ஆகும், எனக்கும் ஆகும். அதற்கு நெசவிலிருந்து வந்த பழைய வழி ஒன்று இருக்கிறது, சாட்டின் வைப்பு என்போம். சாட்டின் துணியில் பாவும் ஊடும் கட்டிக்கொள்ளும் புள்ளிகள் வரிசையாகத் தெரியக் கூடாது என்பதற்காகத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். அதே கணக்கு.

டைலை ஐந்துக்கு ஐந்து கட்டமாகப் பிரியுங்கள். முதல் வரிசையில் முதல் கட்டத்தில் ஒரு குழி. அடுத்த வரிசையில் இரண்டு கட்டம் தள்ளி, அதாவது மூன்றாவதில். அதற்கடுத்து ஐந்தாவதில். இன்னும் இரண்டு தள்ளினால் கட்டம் தாண்டிவிடுகிறது, எனவே சுற்றி வந்து இரண்டாவதில். கடைசி வரிசையில் நான்காவதில். ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று, ஒவ்வொரு பத்தியிலும் ஒன்று. எங்கேயும் ஒட்டாது, எங்கேயும் காலியும் விழாது. அடுக்கினாலும் டைலின் ஓரத்தைத் தாண்டி அதே இடைவெளி தொடரும். நெருங்கிய குழிகளைச் சேர்த்தால் வருவது சுமார் 27 பாகை சாய்ந்த ஒரு சதுர வலை. படுக்கைக்கோட்டையும் செங்குத்தையும் பிடிப்பதுபோல் கண் அதைச் சட்டென்று பிடிக்காது.

ஐந்து போதாது என்றால் எட்டுக்கு எட்டு, மூன்று மூன்றாகத் தள்ளுங்கள். ஆறு மட்டும் எடுக்காதீர்கள். இரண்டும் மூன்றும் நான்கும் ஆறோடு பொது வகுஎண் உள்ளவை, அதனால் சுற்றி வந்து பழைய பத்தியிலேயே விழும். ஒன்றோ ஐந்தோ தள்ளினால் வெறும் சாய்வுக் கோடு.

இது எலும்புக்கூடு மட்டும். குழியைக் கட்டத்தின் சரி நடுவில் வைக்காமல் அரைக் கட்டத்துக்குள் அப்படி இப்படி நகர்த்துங்கள். ஐந்தையும் ஐந்து அளவில், ஐந்து வடிவத்தில் வரையுங்கள். ஒன்றை மட்டும் மற்றதைவிடக் கறுப்பாக்கிவிடாதீர்கள், பழைய கதைதான் திரும்பும். வெடிப்புக் கோடுகளைக் குழிகளை வைத்தபின் வரையுங்கள், குழியில் மூன்று கோடு கூடுகிற மாதிரி. முதலில் கோட்டை வரைந்துவிட்டுக் குழிக்கு இடம் தேடினால் கோணம் கெட்டுவிடும்.

சாய்வெட்டு:

குழி வைப்பது முடிவாகிவிட்டது என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அச்சு அளவுத் தாளில் இரண்டு முன்பாகத்தின் பேப்பர் கட்டிங்கையும் பித்தான் போட்டபடி ஏற்றி வைத்து, மார்பு உயரத்தில் என்ன விழுகிறது என்று பாருங்கள். இடமும் வலமும் ஒரே உயரத்தில், நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இரண்டு குழி விழுந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அது வெடிப்பாகத் தெரியாது. ஒரு பாகத்தைக் கால் ரிப்பீட் மேலே நகர்த்தி வெட்டுங்கள். இந்த டிசைனில் பட்டியில் பொருத்தாமல் விட்டாலும் குறை தெரியாது.